காலேஜ் கோல்ஃபும் அமெச்சூர் போட்டிகளும்: சென்னைப் பெற்றோர் என்னிடம் கேட்ட கேள்விகள்

நந்தனம் கோர்ஸில் ஜூனியர் போட்டி என்றால் காலை ஐந்தே முக்காலுக்கே கார்கள் வரிசை கட்டிவிடும். பிள்ளைகள் முதல் டீயை (ஆட்டம் தொடங்கும் இடத்தை) தாண்டிப் போனபின் பெற்றோருக்கு நாலு மணி நேரம் வேலையே இருக்காது. வேப்ப மரத்தடியில் ஃபிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றியதும் கேள்விகள் ஆரம்பிக்கும். என் மகள் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக அணிக்கு நாலு வருடம் ஆடிப் படிப்பை முடித்தவள் என்பதால் என்னிடம்தான் வருவார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, அவரவர் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன்.

அக்கா, அடிப்படையே தெரியாம கேக்கறேன். ஸ்கோர் கம்மியா இருந்தா நல்லதா, அதிகமா இருந்தா நல்லதா?

கம்மியாக இருந்தால்தான் நல்லது. ஒரு சுற்றுக்கு 18 ஹோல், அதாவது பந்தை அடித்துக்கொண்டு போய்ப் போட வேண்டிய 18 குழி. ஒவ்வொரு ஹோலையும் நல்ல ஆட்டக்காரர் எத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு, அதுதான் பார். 3, 4 அல்லது 5 இருக்கும். எல்லாம் கூட்டினால் பெரும்பாலான கோர்ஸில் 72 வரும். பாரைவிட ஒரு அடி குறைந்தால் பர்டி, கூடினால் போகி.

அமெச்சூர்னா கத்துக்குட்டின்னுதானே அர்த்தம்? அதுல ஜெயிச்சா என்ன பெருமை?

கோல்ஃபில் அந்த அர்த்தமே கிடையாது. பரிசுப் பணத்துக்காக ஆடாதவர் அமெச்சூர், அவ்வளவுதான். திறமைக்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தமில்லை. 2024 ஜனவரியில் அலபாமா பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த நிக் டன்லப், உலகத் தரத் தொழில்முறை ஆட்டக்காரர்களோடு ஆடி அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் போட்டியையே ஜெயித்தார். அப்போது அவருக்கு 20 வயது. முதல் பரிசு 15 லட்சம் டாலருக்கும் மேல். அமெச்சூர் என்பதால் அவர் கைக்கு ஒரு டாலர்கூட வரவில்லை, இரண்டாவதாக வந்தவருக்குப் போனது. அதற்குமுன் ஒரு அமெச்சூர் பிஜிஏ டூர் (அமெரிக்காவின் முதன்மையான தொழில்முறைப் போட்டித் தொடர்) போட்டியை ஜெயித்தது 1991-ல், அப்போது அரிசோனா ஸ்டேட் மாணவராக இருந்த ஃபில் மிக்கல்சன்.

2022 ஜனவரி முதல் விதிகள் தளர்ந்திருக்கின்றன. இப்போது ஒரு அமெச்சூர் 1,000 டாலர் மதிப்பு வரை பரிசு வாங்கலாம், ஸ்பான்சரும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஹேண்டிகேப் (அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்) கழித்து ஆடும் போட்டியில் பணமாக வாங்கக் கூடாது. உள்ளூர்ப் போட்டியில் யாராவது கவரை நீட்டினால், வாங்கும்முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ஹேண்டிகேப்னு எல்லாரும் சொல்றாங்க. அது மார்க்கா, ரேங்க்கா?

இரண்டும் இல்லை. உங்கள் பிள்ளை நன்றாக ஆடும் நாளில் பாரைவிட எவ்வளவு கூடுதலாக ஆடக்கூடியவன் என்பதற்கான மதிப்பீடு அது. 2020-லிருந்து உலகம் முழுக்க ஒரே கணக்கு. கோர்ஸ் எவ்வளவு கடினம் என்பதற்கு கோர்ஸ் ரேட்டிங், ஸ்லோப் என்று இரண்டு எண்கள் உண்டு. ரேட்டிங் 71.2, ஸ்லோப் 125 உள்ள கோர்ஸில் 76 அடித்தால்: 76-லிருந்து 71.2-ஐக் கழித்து, 113-ஆல் (சராசரிக் கோர்ஸின் ஸ்லோப்) பெருக்கி, 125-ஆல் வகுத்தால் 4.3. கடைசி 20 சுற்றுகளுக்கு இப்படிக் கணக்கிட்டு, அதில் நல்லதாக உள்ள 8-ன் சராசரியை எடுப்பார்கள்.

ஒரு விஷயத்தில் நிறையப் பேர் குழம்புவார்கள். ஹேண்டிகேப் பக்கத்தில் பிளஸ் 2 என்று போட்டிருந்தால் அது 2-ஐவிட மோசம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. பிளஸ் போட்டவர் பூஜ்யத்தையும் தாண்டிக் கீழே போனவர், தன் ஸ்கோரில் 2 அடியைத் தானே கூட்டிக்கொண்டு ஆட வேண்டியவர்.

சென்னையில எங்க ஆரம்பிக்கிறது? நாங்க எந்த கிளப்லயும் மெம்பர் இல்லையே.

நகரத்துக்குள் நந்தனம் கோர்ஸ் ஒன்று. காஸ்மாபாலிடன் கிளப்பும் தமிழ்நாடு கோல்ஃப் சம்மேளனமும் சேர்ந்த இடம் அது. இன்னொன்று கிண்டி குதிரைப் பந்தயத் திடலுக்குள் இருக்கும் மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் கோர்ஸ். பந்தயத் திடல் நிலத்தின் குத்தகையை 2024 செப்டம்பரில் அரசு ரத்து செய்துவிட்டதால், கிண்டியை நம்பித் திட்டமிடும்முன் இன்றைய நிலவரத்தை நேரில் போய் விசாரியுங்கள். மெம்பர் இல்லாதவர்கள் பயிற்சிக்கான ரேஞ்சில் ஒரு கோச்சிடம் ஆறு மாதம் சேர்த்துவிட்டுப் பாருங்கள். பிள்ளைக்கு ஆசை நிலைக்கிறதா என்று தெரிந்தபின் மட்டை செட் வாங்கலாம். வளரும் வயதில் புது செட் வாங்குவது வீண், பெரிய பிள்ளைகள் கழித்துவிட்டதே போதும்.

விடுமுறையில் முடிந்தால் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ கூட்டிப்போய் ஆட விடுங்கள். நம் ஊர்ச் சமதளத்திலேயே ஆடிய பிள்ளைக்குக் கால் ஏறியும் இறங்கியும் நின்று அடிக்கும் அடியே புதிதாக இருக்கும். அங்கே போய்விட்டு வந்த வாரம் என் மகள் மொட்டை மாடியில் ஒரு காலைச் செங்கல்மேல் வைத்துக்கொண்டு ஸ்விங் பழகினாள்.

பையன் ஏழு கப் ஜெயிச்சிருக்கான். அமெரிக்க காலேஜ் கோச்சுக்கு இது போதாதா?

எல்லாவற்றையும்விட அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். மனசு நோகாமல் பதில் சொல்லத்தான் பார்க்கிறேன். கோச் கப்பை எண்ணுவதில்லை. என்ன ஸ்கோர், எவ்வளவு நீளமான கோர்ஸ், யாரெல்லாம் எதிரே ஆடினார்கள் என்ற மூன்றைத்தான் பார்ப்பார். பன்னிரண்டு பேர் ஆடிய போட்டியில் 79 அடித்து முதலிடம் வந்ததைவிட, அகில இந்தியப் போட்டியில் 73, 74, 73 அடித்து பதினெட்டாவதாக வந்தது அவர் கண்ணுக்குப் பெரிது. நம் வீட்டு ஷோகேஸில் பதினெட்டாவது இடத்துக்கு வைக்க ஒன்றும் இருக்காது, அதனால் அந்த ஸ்கோரை நாமே மறந்துவிடுகிறோம்.

என் மகளுக்குப் பதினைந்து வயதில் நானும் இதே தப்பைச் செய்தேன். கோச்சுகளுக்கு அனுப்ப ஒன்பது கப்போடு அவளை நிற்க வைத்துப் படம் எடுத்தேன். ஒரே ஒரு கோச் பதில் போட்டார், அதுவும் ஒரே வரி: கடைசி பத்துச் சுற்றின் ஸ்கோரும் அந்தக் கோர்ஸ்களின் நீளமும் வேண்டும். அன்றிரவே ஒரு நீள நோட்டில் தேதி, கோர்ஸ், எத்தனை கஜம், பார், ஸ்கோர், எத்தனை பேரில் எத்தனையாவது என்று கட்டம் போட்டோம். அந்த நோட்டுதான் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. உங்கள் வீட்டிலும் இன்றைக்கே ஆரம்பியுங்கள். மோசமான சுற்றையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஒரு காலேஜ் ஆட்டக்காரர் பக்கத்துல "72-70-75, 217, +1, டி9"ன்னு போட்டிருக்கு. இது என்ன கணக்கு?

மூன்று சுற்று ஸ்கோர், பின் கூட்டுத்தொகை. பார் 72 என்றால் மூன்று சுற்றுக்கு 216, அவர் 217, ஆக ஒன்று கூடுதல். இடத்துக்கு முன்னால் வரும் டி எழுத்து சமநிலையைக் காட்டும், அதே ஸ்கோரில் வேறு சிலரும் ஒன்பதாம் இடத்தில் இருக்கிறார்கள். பெரும்பாலான காலேஜ் போட்டிகள் 54 ஹோல்.

வரிசையில் தனிநபராக ஆடினார் என்று ஒரு குறிப்பு இருந்தால் அதையும் கவனியுங்கள். அணியின் ஐந்து பேரில் அவர் இல்லை, அவர் ஸ்கோர் அணிக்குச் சேராது என்று பொருள். பிறகு சுற்றுச் சராசரி என்று ஓர் எண் இருக்கும். அதை மட்டும் வைத்து இரண்டு பேரை ஒப்பிடாதீர்கள். காற்று வீசும் கடினமான கோர்ஸ்களில் 74 சராசரி வைத்திருப்பவர், சுலபமான கோர்ஸ்களில் 72.5 வைத்திருப்பவரைவிடத் திறமைசாலியாக இருக்கலாம்.

அப்போ "3 & 2" ஜெயிச்சான்னா? ரெண்டு ஸ்கோரா?

இது மேட்ச் பிளே. மொத்த அடியை எண்ணாமல், ஒவ்வொரு ஹோலையும் யார் ஜெயித்தார் என்று மட்டும் பார்க்கும் ஆட்டம். 3 ஹோல் முன்னிலையில் இருக்கிறார், மீதி 2 ஹோல்தான், இனி எதிராளி எட்டிப்பிடிக்க முடியாது என்று அங்கேயே ஆட்டம் முடிந்துவிட்டது. 19 ஹோல் என்று போட்டிருந்தால் 18-லும் சமமாகி ஒரு ஹோல் கூடுதலாக ஆடியிருக்கிறார்கள்.

1895-ல் தொடங்கிய யு.எஸ். அமெச்சூர் போட்டியில் முதல் இரண்டு சுற்று அடிக்கணக்கு, அதில் தேறும் 64 பேருக்கு மேட்ச் பிளே. டைகர் உட்ஸ் 1994, 1995, 1996 என்று தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தது இதைத்தான்.

கோல்ஃப் தனி ஆள் விளையாட்டாச்சே, காலேஜ்ல டீம்னா எப்படி?

ஐந்து பேர் ஆடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் நல்ல நாலு ஸ்கோரைக் கூட்டுவார்கள், மோசமான ஒன்று தள்ளுபடி. 71, 73, 74, 76, 82 என்று வந்தால் அணிக்கு 294. அந்த 82 யாருடையது என்பது அணியில் எல்லோருக்கும் தெரியும். முதல் வருடம் என் மகளின் ஸ்கோர்தான் பல நாள் தள்ளுபடியானது. ஃபோனில் "இன்னிக்கும் என்னுது கவுன்ட் ஆகலம்மா" என்பாள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அங்கே கேடி (பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வருபவர்) கிடையாது. பை தன் தோளில், அல்லது தானே தள்ளும் வண்டியில். பல போட்டிகளில் முதல் நாளே 36 ஹோல், கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர் நடை. முதல் போட்டி முடிந்த இரவு வீடியோ காலில் இரண்டு குதிகாலிலும் பிளாஸ்டர் ஒட்டிக் காட்டினாள். நம் ஊரில் அனுபவமுள்ள கேடி அண்ணன் லைன் (பந்து உருள வேண்டிய பாதை) பார்த்துச் சொல்வார், எந்த மட்டை என்று சொல்வார், நம் கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள புல்தரையில்) புல் எந்தப் பக்கம் சாய்ந்து பந்தை இழுக்கும் என்பதுகூட அவருக்கு மனப்பாடம். அவரிடம் எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனால் பதினாலு வயதிலிருந்து வாரத்தில் இரண்டு சுற்றாவது பிள்ளையே பையைத் தூக்கி, தானே லைன் பார்த்து ஆடட்டும். அங்கே கோச் இடையில் வந்து ஆலோசனை சொல்லலாம், ஆனால் ஐந்து பேருக்கும் அவர் பொது.

என்.சி.ஏ.ஏ. சாம்பியன்னா டீமா, ஆளா?

இரண்டும் உண்டு. என்.சி.ஏ.ஏ. அமெரிக்கக் காலேஜ் விளையாட்டை நடத்தும் அமைப்பு, அதில் மூன்று பிரிவு, பிரிவு ஒன்றுதான் மேல்மட்டம். அதில் 30 அணிகள் இறுதிக்கு வரும். நாலு சுற்று அடிக்கணக்கு முடிந்ததும் தனிநபர் சாம்பியன் தெரிந்துவிடும். அந்தக் கணக்கில் முதல் 8 அணிகள் பிறகு மேட்ச் பிளே ஆடும், ஐந்தில் மூன்று ஆட்டம் ஜெயித்த அணி அடுத்த கட்டத்துக்கு. ஆண்களுக்கு 2009 முதலும் பெண்களுக்கு 2015 முதலும் இந்த முறை.

தனிநபர் பட்டத்தையும் யு.எஸ். அமெச்சூரையும் ஒரே வருடத்தில் வென்ற ஆண்கள் ஐந்தே பேர்: 1961-ல் ஜாக் நிக்லஸ், 1990-ல் மிக்கல்சன், 1996-ல் டைகர் உட்ஸ், 2004-ல் ரயன் மூர், 2015-ல் பிரைசன் டிஷாம்போ. பெண்களில் ஸ்டான்ஃபோர்டின் ரோஸ் ஜாங்கின் பட்டியலைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 2022, 2023 இரண்டு வருடமும் தனிநபர் பட்டம். இரண்டு முறை வென்ற முதல் பெண் அவர்தான். காலேஜில் ஆடிய 20 போட்டியில் 12-ஐ ஜெயித்தார். அவரிடம் பார்க்க வேண்டியது தோற்ற அந்த எட்டுப் போட்டிகளின் ஸ்கோரை, அவையும் எப்படி மேல் வரிசையிலேயே நிற்கின்றன என்பதை.

நம்ம ஆளுங்க யாராவது இந்த வழியில போயிருக்காங்களா?

போயிருக்கிறார்கள். டெல்லியின் ஷிவ் கபூர் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஆடியவர், 2002 பூசான் ஆசிய விளையாட்டில் தனிநபர் தங்கம் வென்றார். அதற்குமுன் 1982 டெல்லியில் லட்சுமண் சிங் அதை வென்றிருந்தார். ஹைதராபாத்திலிருந்து போன குடும்பத்தில் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த சாஹித் தீகலா, பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தில் ஆடி 2020-ல் காலேஜ் கோல்ஃபின் பெரிய விருதுகளான ஹாஸ்கின்ஸ், பென் ஹோகன், ஜாக் நிக்லஸ் மூன்றையும் வாங்கினார்.

காலேஜே போகாமல் உயர்ந்தவர்களும் உண்டு. பெங்களூரின் அதிதி அசோக் பள்ளி வயதிலேயே பெரிய அமெச்சூர் போட்டிகளை வென்று, 2016-ல் நேராகத் தொழில்முறைக்குப் போனார். அந்த வருடமே மகளிர் இந்தியன் ஓபனை ஜெயித்தார், டோக்கியோ ஒலிம்பிக்கில் நாலாவது இடம். உங்கள் பிள்ளை பதினேழு வயதில் அந்த அளவு ஆடினால் காலேஜ் கேள்வியே எழாது. மற்றவர்களுக்கு நாலு வருடப் படிப்பும் ஆட்டமும் சேர்ந்து கிடைப்பது பெரிய வரம் என்பது என் அபிப்பிராயம்.

உலக அமெச்சூர் தரவரிசைல பேரு வரணுமாமே, எப்படி?

அதற்கென்று அங்கீகரித்த போட்டிகளில் ஆட வேண்டும். கடைசி இரண்டு வருட ஆட்டத்தை எடுத்து, எதிரே ஆடியவர்களின் தரத்தைப் பொறுத்துப் புள்ளி தருவார்கள். ஏழு கப் கேள்விக்குச் சொன்ன பதில்தான் இங்கே எண்ணாக வருகிறது. இந்தியன் கோல்ஃப் யூனியன் நடத்தும் தேசிய அளவுப் போட்டிகளிலிருந்து தொடங்குங்கள். இந்த வரிசையை வைத்துத்தான் 2009-ல் தொடங்கிய ஆசிய பசிபிக் அமெச்சூருக்கும் ஆள் எடுக்கிறார்கள். அதை ஜெயித்தால் உலகின் நாலு பெரிய தொழில்முறைப் போட்டிகளில் இரண்டான மாஸ்டர்ஸுக்கும் பிரிட்டனின் தி ஓபனுக்கும் அழைப்பு. ஜப்பானின் ஹிடேகி மட்சுயாமா 2010, 2011 இரண்டு முறை ஜெயித்தார், பத்து வருடம் கழித்து 2021-ல் மாஸ்டர்ஸையே ஜெயித்தார்.

முழு ஸ்காலர்ஷிப் கிடைக்குமா? லோன் போட வேண்டாம்ல?

முழுதாகக் கிடைக்கும் என்று எண்ணி இறங்காதீர்கள். பல வருடம் பிரிவு ஒன்றில் ஆண்கள் அணிக்கு மொத்தம் 4.5 முழு உதவித்தொகை, பெண்கள் அணிக்கு 6 என்று வரம்பு இருந்தது, அதைத்தான் அணி முழுக்கப் பங்கு போட்டார்கள். 2025-26 முதல், விளையாட்டு வருமானத்தை ஆட்டக்காரர்களோடு பகிரும் புதிய ஏற்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு அந்த வரம்பு போய், அணியில் 9 பேர்தான் இருக்கலாம் என்று வந்திருக்கிறது. ஆளுக்குத் தொகை கூடலாம், ஆனால் இடங்கள் குறைவு. பிரிவு இரண்டிலும் உதவித்தொகை உண்டு. பிரிவு மூன்றில் விளையாட்டுக்கென்று கிடையாது, மதிப்பெண்ணுக்கும் குடும்ப வசதிக்கும் தருவார்கள். பிரிவு ஒன்று தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். பெஞ்சில் உட்கார்வதைவிட ஆட இடம் கிடைக்கும் அணி நல்லது.

பிளஸ் டூல மார்க் கம்மியானா? ஒரு வருஷம் கேப் எடுத்து கோல்ஃப் மட்டும் ஆடட்டுமா?

ஒன்பதாம் வகுப்பிலிருந்து எல்லா மதிப்பெண் பட்டியலையும் கேட்பார்கள், ஆகவே பழையதைத் தொலைக்காதீர்கள். பிரிவு ஒன்றுக்கு ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூகவியல் போன்றவற்றில் 16 பாடங்களும், அவர்கள் அளவில் 4-க்கு 2.3 சராசரியும் தேவை. இது விளையாட்டுத் தகுதிக்கு மட்டும், பல்கலைக்கழகம் தனியாக இன்னும் கூடுதலாகவே கேட்கும். கேப் விஷயத்தில் ஜாக்கிரதை. பள்ளி முடித்து ஒரு வருடத்துக்குமேல் போட்டிகளில் ஆடிக்கொண்டே இருந்தால் காலேஜில் ஆடும் காலம் குறையும். இந்த விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் கோச்சிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கோச்சுக்கு எப்போ எழுதலாம்? ஏஜென்ட் மூலமாத்தான் போகணுமா?

பிள்ளை எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். பிரிவு ஒன்று கோச் பதிலுக்குப் பேச ஆரம்பிப்பது பத்தாம் வகுப்பு முடிந்த வருடம் ஜூன் 15-க்குப் பிறகுதான். அதற்குமுன் பதில் வராவிட்டால் வருத்தப்படாதீர்கள், விதி அப்படி. ஏஜென்ட் கட்டாயமில்லை. மெயிலைப் பிள்ளையே எழுதட்டும், நாம் எழுதினால் இரண்டே வரியில் தெரிந்துவிடும். பத்து வரி, ஸ்கோர் நோட்டின் நகல், முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுத்த ஸ்விங் வீடியோ, அடுத்து ஆடப்போகும் போட்டிகள். போதும்.

அங்க போய் ஸ்பான்சர் பிடிச்சு சம்பாதிக்கிறாங்களாமே?

அமெரிக்கப் பிள்ளைகள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க 2021-லிருந்து அனுமதி இருக்கிறது. நம் பிள்ளைகள் போவது எஃப்-1 மாணவர் விசாவில். அந்த விசாவில் வெளியே வேலை பார்க்கக் கட்டுப்பாடு உண்டு, விளம்பர வேலை அதில் மாட்டலாம். முன்பு சொன்ன அமெச்சூர் விதி ஸ்பான்சரை அனுமதிக்கிறதே என்பார்கள். அது கோல்ஃப் விதி, இது குடியேற்றச் சட்டம். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

ஸ்கோர் கார்டுல கூட்டல் தப்பாயிடுச்சு. டிஸ்குவாலிஃபை பண்ணிடுவாங்களா?

கூட்டல் தப்புக்கு இல்லை. கூட்டுவது போட்டிக் குழுவின் பொறுப்பு. ஒவ்வொரு ஹோலின் ஸ்கோரும் சரியா என்பதுதான் ஆட்டக்காரர் பொறுப்பு. ஒரு ஹோலில் 5 அடித்து 4 என்று இருக்கும் கார்டைக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் தகுதி நீக்கம். 5 அடித்து 6 என்று இருந்தால் அந்த 6 அப்படியே நிற்கும்.

என் மகளுக்குப் பதின்மூன்று வயதில் ஒரு போட்டியில் இது நடந்தது. கத்திரி வெயில், மார்க்கர் (கூட ஆடி அவள் ஸ்கோரைக் குறிப்பவர்) நீட்டிய கார்டை, தனக்கு மயக்கம் வருகிற மாதிரி இருக்கிறது என்று பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள். பதினோராவது ஹோலில் ஒரு அடி குறைவாக இருந்தது. இரண்டாம் இடத்தில் இருந்தவள் பெயர் பலகையிலிருந்து போனது. அதற்குப் பிறகு நிழலில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மார்க்கர் ஒவ்வொரு ஹோலாக வாய்விட்டுப் படிக்க, விரல் வைத்துச் சரிபார்த்துத்தான் கையெழுத்து. காலேஜ் முடியும்வரை அப்படித்தான் செய்தாள்.

நாலு வருஷம் கழிச்சு? எல்லாரும் ப்ரோ ஆகிடுவாங்களா?

மிகச் சிலர்தான். ஆண்களுக்கு பிஜிஏ டூர் யுனிவர்சிட்டி என்று ஒரு தரவரிசை இருக்கிறது. அதில் முதலிடம் வந்த டெக்சாஸ் டெக்கின் லுட்விக் ஓபெர்க் 2023-ல் நேராக பிஜிஏ டூருக்குள் நுழைந்தார், அந்த செப்டம்பரிலேயே ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் ரைடர் கோப்பை ஆடினார். அப்படிப்பட்டவர் வருடத்துக்கு ஒருவர். என் மகளோடு ஆடியவர்களில் ஒருத்தி கணக்காளர், ஒருத்தி பிசியோதெரபி படிக்கிறாள். என் மகள் ஒரு நிறுவனத்தில் தரவுகளை ஆராயும் வேலையில் இருக்கிறாள், ஞாயிறு காலை ஆடுகிறாள்.

அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க பொண்ணு காலேஜ்ல ஒரு டோர்னமென்ட்கூட ஜெயிக்கலையே, அப்போ அது என்ன சாதனை?

தப்பாக நினைக்க ஒன்றுமில்லை, ஜெயிக்கவில்லைதான். அவளுடைய நல்ல இடம் மூன்றாம் ஆண்டில் சமநிலையில் ஆறாவது. முதல் ஆண்டுச் சராசரி 77.4, கடைசி ஆண்டு 73.9. முதல் ஆண்டில் மூன்றே போட்டிகளுக்குத்தான் அணியில் எடுத்தார்கள். கடைசி ஆண்டில் ஒன்றைக்கூட விடவில்லை.

அவளுடைய கடைசிப் போட்டி கான்ஃபரன்ஸ் (பல்கலைக்கழகங்கள் சேர்ந்த கூட்டமைப்பு) சாம்பியன்ஷிப். கடைசி நாள் நல்ல குளிர், காற்று. அணியில் ஒருத்தி 81-ல் முடித்துவிட்டாள், ஆக என் மகளுடையது கணக்கில் வந்தே தீர வேண்டும். பதினேழாவது ஹோலில் பங்கருக்குள் (மணல் பள்ளத்துக்குள்) போனாள், வெளியே எடுத்து எட்டடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் உருட்டினாள், பதினெட்டில் பார். 74. இங்கே விடியற்காலை மூணே காலுக்கு ஃபோன் அடித்தது. எடுத்ததும் அவள் சொன்னது, "அம்மா, கவுன்ட் ஆயிடுச்சு."